பிள்ளையார் பெனலுக்குப் போட்ட மாலை

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவின் மகன் கொழும்பிலிருந்து போன் எடுப்பான். சாப்பாடு, மருந்து, மழை எல்லாம் பிறகுதான். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

“தண்ணி மேல ஏறுதாம்மா?”

“ஏறுது தம்பி, ஏறுது” என்பாள் அக்கா. அதன் பிறகுதான் மற்றப் பேச்சு.

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஓர் ஒப்பந்தம் இருந்தது. தண்ணீர் மேலே ஏறும்வரை அக்கா எங்கள் தேயிலைத் தோட்டத்திலேயே இருக்கலாம். ஏறாத அன்று அவன் வேன் பிடித்துக்கொண்டு வந்து அவளைக் கொழும்புக்குக் கூட்டிப் போய்விடுவான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு மாடி அறையில் மனைவி பிள்ளைகளோடு நெருக்கிக்கொண்டு இருப்பவன், அம்மாவுக்கும் ஒரு கட்டில் போட இடம் பார்த்து வைத்திருந்தான். ஆனால் அந்தக் கட்டிலின் பேச்சை எடுத்தாலே அக்கா எழுந்து போய்விடுவாள். ஒருமுறை போய்ச் சில நாள் இருந்துவிட்டு வந்தவள் என்னிடம் சொன்னாள், “கதவத் தொறந்தா எதிர்ல இன்னொரு கதவு. யாரு வீடுன்னு கேட்டா மருமகளுக்கே தெரியல.”

எங்கள் தோட்டம் பசறையிலிருந்து மேலே ஏறும் பாதையில் இருக்கிறது. காம்பரா என்கிற சின்ன வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயம் மேட்டில், தண்ணீர் பள்ளத்தில். அந்தக் காலத்தில் லயம் கட்டிய துரை, தேயிலைக்கு உதவாத இடமாகப் பார்த்துக் கட்டினானே தவிர, அங்கே இருக்கப்போகிறவர்கள் தண்ணீர் குடிப்பார்கள் என்பது அவன் ஞாபகத்துக்கு வரவில்லை போலிருக்கிறது. பள்ளத்தில் பாறையிடுக்கிலிருந்து ஊற்று விழுகிற இடத்தைப் பீலி என்போம். குளிப்பது, துவைப்பது, குடிக்க எடுப்பது எல்லாம் அங்கேதான். அங்கிருந்து மேலே ஏற மண்ணில் வெட்டிய படிகள். ஒரு மழை நாளில் அந்தப் படியில் குடத்தோடு வழுக்கி விழுந்துதான் அக்காவின் இடுப்பெலும்பு முறிந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் ஆணி வைத்து அனுப்பினார்கள். கொழுந்துக் கூடையையும் குடத்தையும் அதோடு இறக்கி வைத்தாள். கம்பு ஊன்றி எங்கேயும் நடந்து போவாள், ஆனால் எதையும் தூக்க முடியாது.

அத்தான் ஏற்கெனவே காலமாகியிருந்தார். கல்யாணம் கட்டாத தங்கச்சி நான் அவளோடு ஒட்டிக்கொண்டேன். பதுளையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். விடிகிற பஸ்ஸில் இறங்கிப் போனால் இருட்டிய பிறகுதான் வருவேன். பகலெல்லாம் அக்கா தனி.

அவள் விழுந்த மறுவருஷம் சோலர் வந்தது. ஏதோ வெளிநாட்டு உதவி. பீலிக்கு மேலே வெயில் விழும் திட்டில் ஆறு பெனல்களை வரிசையாக நிறுத்தினார்கள். ஊற்றுத் தொட்டியில் ஒரு மோட்டார், லயத்துக்கு மேலே மேட்டில் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தாங்கி. பெட்டரி கிடையாது. வெயில் வந்தால் மோட்டார் ஓடும், போனால் நிற்கும். முதல் நாள் எங்கள் காம்பரா வாசலில் குழாயைத் திறந்தபோது அக்கா தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். எலும்பு முறிந்தபோதுகூட அழாதவள். “கண்ணுலேருந்து வர்றதுக்கு மோட்டார் வேணாம் போல” என்று கேலி செய்தேன்.

அந்த வருஷம் ஆயுத பூசை வந்தது. தோட்டத்தில் அன்றைக்குக் கத்தி, மம்பட்டி, கொழுந்துக் கூடை, தையல் மெசின், ஆட்டோ எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். சோறு போடுகிற சாமான் எதுவோ அதற்குப் பொட்டு. அக்கா கம்பை ஊன்றிக்கொண்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு, அந்தப் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கினாள். வரிசையில் முதலாவதாக நின்ற பெனலைப் பிள்ளையார் என்று முடிவு செய்தாள். முதலில் இருப்பவர் பிள்ளையார்தானே. தானே கட்டிய செவ்வந்தி மாலையை அதன் மேல் மூலைகள் இரண்டிலும் கட்டித் தொங்கவிட்டாள். மற்ற ஐந்துக்கும் சட்டத்தில் ஒரு பொட்டு. அன்றிலிருந்து அதற்குப் ‘பிள்ளையார் பெனல்’ என்று பேராகிவிட்டது. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் மாலை விழும். பூசையில் போட்ட மாலையை யாரும் கை வைத்து எடுக்க மாட்டோம். அது காய்ந்து, நார் அற்று, தானாக விழும்வரை கிடக்கும். சில வருஷம் தைப்பொங்கலுக்குக்கூடக் கிடந்திருக்கிறது.

முதல் வருஷங்களில் தாங்கி நிரம்பி வழியும். வழிகிற சத்தம் கேட்டதும் யாராவது ஓடிப்போய் மோட்டாரை நிறுத்துவார்கள். பிறகு ஒரு காலத்தில் வழிவது நின்றுபோனது. எப்போது என்று கேட்டால் லயத்தில் யாருக்கும் சொல்லத் தெரியாது. அடுத்துக் காலைத் தண்ணீர் போனது. வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் தாங்கிக்குள் தண்ணீர் விழத் தொடங்கும், அதையும் சாயங்காலத்துக்குள் பிடித்து முடித்துவிடுவார்கள். மப்புப் போட்ட நாட்களில் மோட்டார் உறுமும், ஆனால் தண்ணீர் பாதி மேட்டில் நின்றுவிடும்.

“பெனலுக்கு வயசாயிருச்சு” என்று முதலில் சொன்னவள் நடுக் காம்பராக்காரி. எங்கள் லயம் சரிவில் கட்டியது. மேல்கோடியில் நாங்கள், நடுவில் அவள். கொழுந்து எடுக்கிறவள். அவள் வாய் முதலில் வரும், ஆள் பிறகு வருவாள். “சோலர்னா இப்படித்தான். கொஞ்ச வருஷம் ஓடும், அப்பறம் குப்பை. அதக் கழட்டி வீசிட்டு வேற வழி பாக்கணும்” என்று குழாயடியில் நின்று கத்துவாள். அக்காவுக்குச் சுருக்கென்று வரும். “வயசானா கழட்டி வீசிருவியா? எனக்குந்தான் வயசாச்சு” என்பாள். மற்றவள் விடமாட்டாள். “ஒங்கள யாரு வீசுறா அக்கா? ஒங்க மகன்தான் வேனோட நிக்கிறானே.”

அக்காவுக்கு அது விளையாட்டில்லை. ஞாயிற்றுக்கிழமைப் போனில் “ஏறுது தம்பி” என்பது மெல்ல மெல்லப் பொய்யாகிக்கொண்டிருந்தது. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் அடுப்பைப் பார்ப்பாள். எனக்குக் கோபம் வரும். கோபம் என்று சொல்லிக்கொள்கிறேன், பயம்தான். அவள் போய்விட்டால் அந்தக் காம்பராவில் நான் யாரோடு சண்டை போடுவது?

பஸ்ஸில் போகும்போது இதையே யோசித்துக்கொண்டிருப்பேன். கொழுந்து எடுக்கிறவளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று இருக்கிறது. அதை எட்டினால் பேர் விழும், முழு நாள் சம்பளம். ஒரு கிலோ குறைந்தாலும் அரைப்பேர், அரை நாள் சம்பளம். கை கொஞ்சம் மந்தமானது என்பதற்காகச் சம்பளமும் கொஞ்சமாகக் குறையாது, ஒரேயடியாகப் பாதியாகிவிடும். மேடும் அப்படித்தான் என்று தோன்றியது. சமதரையில் வைத்திருந்தால் பெனலின் பலம் சற்றுக் குறைந்தது யாருக்கும் தெரிந்திருக்காது, தண்ணீர் சற்று மெதுவாக வந்திருக்கும். மேட்டில் அந்தச் சற்றுக் குறைவுக்கே தண்ணீர் வராமல் போகிறது. கொழுந்து எடுத்த கடைசி வருஷங்களில் அக்கா எத்தனை நாள் அரைப்பேரோடு வந்து வாசலில் உட்கார்ந்திருப்பாள் என்பது எனக்கு ஞாபகம் வந்தது.

அடுத்து வந்த மழையில் தொடர்ந்து பல நாட்கள் தாங்கியில் சொட்டு விழவில்லை. கடையில் லீவு போட்டுவிட்டு நானே பீலிக்கும் வாசலுக்குமாக ஏறி இறங்கினேன். எப்போதும் லீவு தர முதலாளி என் மாமன் இல்லை. வெயில் திரும்பியதும், லயத்துக்காரர்கள் சேர்ந்து பதுளையிலிருந்து ஒரு சோலர் மெக்கானிக்கை வரவழைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமையானதால் எல்லோரும் திட்டில் கூடிவிட்டோம். அக்காவும் கம்போடு இறங்கி வந்து ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டாள்.

“சொல்லுங்க தம்பி, வயசாயிருச்சு, அதானே?” என்றாள் நடுக் காம்பராக்காரி.

மெக்கானிக் ஒவ்வொரு பெனலாக மீட்டரை வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். “வயசு இல்லன்னு சொல்லலைங்க. நல்ல பெனல்னா வருஷத்துக்கு நூத்துல ஒரு பங்குகூட கொறையாது. இருபது வருஷம் கழிச்சும் முக்கால்வாசிக்கு மேல கொடுக்கும். இந்த அஞ்சும் அப்படித்தான் இருக்கு. நல்லாத்தான் வயசாகியிருக்கு” என்றார். நன்றாக வயதாவது என்று ஒன்று இருப்பதை அன்றுதான் கேள்விப்பட்டேன். அக்கா கல்லில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ஆனா இந்த மொதல் பெனல் வேற கதை” என்று அவர் எங்களைக் கிட்டக் கூப்பிட்டார்.

பெனலின் கண்ணாடிக்கு அடியில் கறுப்புக் கட்டங்கள் இருக்கும். அவற்றில் சில, தீய்ந்த தோசை நிறத்தில் பழுப்பாகியிருந்தன. ஒரு மூலையில் தொடங்கி, வளைந்து கீழே இறங்கி, மறு மூலைக்கு ஏறிய பழுப்பு.

“இந்தக் கட்டமெல்லாம் கை கோத்த மாதிரி ஒண்ணோட ஒண்ணு சேந்துதான் வேலை செய்யும். ஒண்ணு மேல நெழல் விழுந்தா அது கரண்ட் குடுக்காது. மத்ததோட கரண்டும் அது வழியாப் போக முடியாம, அந்த எடமே சூடாகும். ஒரு நாள் ரெண்டு நாள்னா பரவால்ல. வருஷா வருஷம், வாரக் கணக்குல அதே எடத்துல நெழல் கெடந்தா இப்படித் தீஞ்சு போகும். பெனல்ல பெரும்பங்கு அவுட்டு. அதான் மேட்டுக்குத் தள்ள பலம் பத்தல. இங்க மேல என்னங்க கெடந்துச்சு?”

சட்டத்தின் மூலையில் பழைய நார்த்துண்டு ஒன்று இன்னும் முடிச்சோடு இருந்தது. அந்தப் பழுப்பு ஒரு மாலையின் வடிவம் என்பது எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிட்டது.

“மாலை” என்றாள் அக்கா. “நான்தான் போட்டேன்.”

மெக்கானிக் நல்ல மனிதர். சட்டென்று மீட்டரைச் சுற்றி வைக்கத் தொடங்கினார். அதே அளவுப் பெனல் இப்போது கடைகளில் வருவதில்லை என்றும், பழையது எங்காவது கிடைத்தால் கொண்டுவருவதாகவும் சொன்னார். அதுவரைக்கும் ஒரு வழி இருக்கிறது, தாங்கியை மேட்டிலிருந்து இறக்கி லயத்தின் நடுவில் வைத்தால் இப்போதிருக்கும் பலத்துக்கே தண்ணீர் ஏறும், ஆனால் மேல்கோடிக் குழாய்க்கு மட்டும் வராது என்றார். மேல்கோடியில் ஆளிருக்கும் காம்பரா எங்களுடையது மட்டும்தான். பக்கத்துக் காம்பரா பூட்டிக் கிடக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா பரணிலிருந்து பயணப் பையை எடுக்கச் சொன்னாள். நான் எடுக்கவில்லை. கம்பாலேயே தட்டி இழுத்துக் கீழே போட்டாள். “அவன வரச் சொல்லிரு. தாங்கிய எறக்கட்டும். ஊருக்கே தண்ணி இல்லாமப் பண்ணுனவ நானு. இனி எவ மூஞ்சியப் பாத்து ஒரு கொடம் தண்ணி கேக்கிறது?”

“பேசாம இரு. ஒனக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாது” என்று கத்தினேன்.

“தண்ணி தந்த சாமின்னு நெனச்சேன் புள்ள” என்றாள். சேலைகளை மடித்து வைத்துக்கொண்டே அழுதாள். எனக்குப் பிள்ளையார் மேல் கோபம் வந்தது, துரை மேல் வந்தது, பையின் மேலும் வந்தது. அதை உதைத்தேன். பை நகரவில்லை, என் கால்விரல்தான் வலித்தது.

அப்போது வாசலில் நடுக் காம்பராக்காரியின் குரல் கேட்டது. சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நானும் வரிந்து கட்டிக்கொண்டு போனேன். அவள் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, பையைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள்.

“என்ன அக்கா, பெரிய நாடகம்? மாலை போட்டது நீங்க. பூ யாரு வீட்டுப் பூ? எங்க வீட்டுச் செவ்வந்தி. வருஷா வருஷம் பறிச்சுக் குடுத்தது நானு. அப்ப நானும் பொட்டியக் கட்டவா? எனக்குப் போறதுக்குக் கொழும்புல யாரு இருக்கா?” அவள் நிஜமாகவே கோபத்தில் இருந்தாள். ஆறுதல் சொல்வதாக அவளுக்கே தெரிந்திருக்காது. அடுக்களைக்குள் போய் எங்கள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “மத்தியானம் கொழுந்து நிறுத்துட்டு சாப்பாட்டுக்கு வருவேன்ல, அப்ப எங்க கொழாயில புடிச்சுக் கொண்டாந்து ஊத்திர்றேன். கொடம் எங்கிட்டயே கெடக்கட்டும்.”

அவள் போன பிறகு அக்கா வெகுநேரம் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை மூடவும் இல்லை, பிரிக்கவும் இல்லை. அது கட்டிலுக்கு அடியில் அப்படியே கிடந்தது.

அந்த வாரமே தாங்கியை உருட்டி இறக்கினார்கள். மற்றவர்கள் வீட்டில் தண்ணீர் ஒழுங்காக வரத் தொடங்கியது. எங்கள் குழாயில் காற்று மட்டும் வந்தது. மத்தியானங்களில் குடம் வந்தது. சொன்னபடி வந்தாள், ஆனால் வாயை மூடிக்கொண்டு வரவில்லை. படியேறும்போதே, மூட்டு வலி, கங்காணியின் அட்டகாசம், தன் மருமகள் உப்புப் போடுகிற அழகு என்று திட்டிக்கொண்டேதான் வருவாளாம். குடத்துத் தண்ணீரை ஊற்றிவிட்டு ஒரு வாய் பிளேன்டீ குடித்துவிட்டுப் போவாள். சாயங்காலம் நான் வந்ததும் அக்கா அதையெல்லாம் அப்படியே நடித்துக் காட்டுவாள். ஞாயிற்றுக்கிழமைப் போனில் மட்டும் இன்னும் “ஏறுது தம்பி” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். பை இன்னும் கட்டிலடியில் இருந்தது. நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை, அவளும் பேசவில்லை.

இந்த முறை ஆயுத பூசை வந்தபோது அக்கா பூ கட்ட உட்கார்ந்தாள். அதே செவ்வந்தி. என்னால் பொறுக்க முடியவில்லை. “மறுபடியுமா?” என்றேன். “வாய மூடு” என்றாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு பீலிக்கு இறங்கினாள். பிள்ளையார் பெனலின் முன்னால் நின்று கும்பிட்டாள். பிறகு குனிய முடியாதவள், மாலையை என் கையில் கொடுத்து, பெனலைத் தாங்கி நிற்கும் இரும்புக் காலில் கட்டச் சொன்னாள். பெனலுக்கு அடியில், அதன் நிழல்தான் மாலை மேல் விழும். மெக்கானிக் அந்தப் பெனலைக் கழற்றி வீசவில்லை. தீய்ந்தது போக மிச்சம் இருக்கிற பங்கு வேலை செய்கிறதென்று வரிசையிலேயே விட்டிருந்தார்.

மேலே வந்தபோது நடுக் காம்பராக்காரி எங்கள் குடத்தோடு வந்து வாசலில் நின்றாள். அன்று லீவானாலும் குடம் வந்துவிட்டது. அக்கா சந்தனக் கிண்ணத்தை எடுத்து, குடத்தின் வயிற்றில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள்.

“கொடத்துக்கு மட்டுந்தானா? தூக்கிட்டு வர்றவளுக்கு இல்லையா?” என்றாள் அவள்.

அக்கா அவள் நெற்றியிலும் வைத்தாள்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பூசை நாள் என்பதால் மகன் எடுத்திருந்தான். நான் ஸ்பீக்கரைப் போட்டு அக்காவிடம் கொடுத்தேன்.

“தண்ணி மேல ஏறுதாம்மா?”

அக்கா அடுப்பைப் பார்க்கவில்லை. குடத்தைப் பார்த்தாள்.

“ஏறல தம்பி. கொஞ்ச நாளாவே ஏறல” என்றாள். “நடந்து வருது.”

“என்னம்மா சொல்றீங்க? வேன் கொண்டு வரவா?”

நடுக் காம்பராக்காரி எட்டிப் போனுக்கு நேராக வாயை வைத்தாள். “கொண்டா தம்பி, பொண்டாட்டி புள்ளைங்களோட பொங்கலுக்குக் கொண்டா. ஒங்கம்மாவுக்கு மட்டும் அதுல சீட்டு வைக்காத.”

“நீங்கதான் கொண்டாந்து குடுக்கிறீங்களா!” என்று மறுபக்கம் அவன் சிரித்தான். பிறகு, “சரிம்மா, பொங்கலுக்கு வர்றோம்” என்றான். பேசி முடித்து அக்கா போனை நீட்டினாள். அதில் அவள் விரலின் சந்தனம் ஒட்டியிருந்தது. துடைக்கப் போன என் கையைத் தட்டிவிட்டு, கட்டிலுக்கு அடியில் இருந்த பையை எடுத்துப் பரணில் போடச் சொன்னாள்.